தீபாவளி காத்தோ பத்தாத்: எண்ணெயும் சர்க்கரையும் ஏறும் இடங்கள்

மொரிஷியஸில் தீபாவளிக்குக் காத்தோ பத்தாத், அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிக்கும் பலகாரம், சுடாத வீடு அரிது. வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிறார் என்று அதைச் செய்யாமலே விடுகிறவர்களும் உண்டு. விடவேண்டாம். எண்ணெயும் சர்க்கரையும் அதில் எங்கே ஏறுகின்றன என்று தெரிந்தால், பாதியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

முதல் தவறு கிழங்கு வேகவைப்பதில் நடக்கிறது. ஒரு கிலோ சர்க்கரைவள்ளியைத் தோல் சீவி, துண்டு போட்டு வேகவைத்தால் நீர் குடித்துக் குழைந்துவிடும். மாவு கையில் ஒட்டும். ஒட்டாமல் இருக்க மைதாவைக் கொட்டுவோம். கிழங்கின் ருசி போய் பலகாரம் ரப்பராகும். மாவில் ஈரம் கூடினால் பொரிக்கையில் எண்ணெயும் கூடக் குடிக்கும். ஆகவே தோலோடு முழுசாக, பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றுங்கள். மெல்ல வேகும் கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி தானாகவே இனிப்பாக மாறும். வெந்ததும் தோலை உரித்து, சூட்டோடு மசித்து, தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். இப்படிச் செய்தால் 200 கிராம் மைதா போதும். சூடாக இருக்கும்போதே மைதா சேர்த்தால் மறுபடி பிசுபிசுக்கும்.

பூரணத்துக்கு 150 கிராம் தேங்காய்த்துருவல், 75 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி ஏலப்பொடி. வழக்கமாகப் போடும் 150 கிராம் சர்க்கரை தேவையே இல்லை, கிழங்கே இனிக்கிறது. பழுப்புச் சர்க்கரை போட்டால் கேடில்லை என்பது வீண் நம்பிக்கை. துருவலை வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டி, ஆறிய பிறகு சர்க்கரை கலக்கவும். ஈரப் பூரணம்தான் எண்ணெயில் வெடிக்கும்.

நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, எட்டு சென்டிமீட்டர் வட்டமாக வெட்டினால் சுமார் 45 வரும். வெட்டுவதும், பூரணம் வைத்து மடித்து முள்கரண்டியால் ஓரம் அழுத்துவதும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்ற வேலை. ஓரத்தில் தேங்காய் ஒட்டியிருந்தால் மூடாது. அதை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. ஒரே தடவையில் ஐந்தாறுக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும். பொரியும்போது உள்ளிருந்து வரும் ஆவி எண்ணெயைத் தடுத்துக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டியது உள்ளே இழுபடும். அதனால் எடுத்த கையோடு கம்பித்தட்டில் வடித்து, சூட்டிலேயே காகிதத்தால் ஒற்றிவிடவேண்டும். பிறகு ஒற்றிப் பயனில்லை. பொரிக்காமல் ஓவனில் சுட்டால் மேல்தோல் வறண்டு விரியும். எனக்கு அதில் சம்மதமில்லை. பொரித்தே செய்து, எண்ணிச் சாப்பிடுவதுதான் மேல்.

இந்த அளவில் ஒன்று 80 முதல் 100 கலோரி இருக்கும். மூன்று சாப்பிட்டால் ஒரு கோப்பைச் சோற்றுக்கு மேல் ஆகிவிடும். அன்று சோற்றை அதற்கேற்பக் குறைத்து, கீரையும் பருப்பும் கூட்டிக்கொள்ளுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பலகாரத்துக்காக வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதைச் சுட்டவுடனே பெட்டியில் கட்டிவிடுங்கள். அடுப்படியில் தட்டு திறந்திருந்தால் கணக்குத் தப்பும். மிஞ்சியதை அன்றிரவே குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். அக்டோபர், நவம்பர் வெக்கையில் தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும். மறுநாள் எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் திருப்பிப் போட்டுச் சூடாக்கினால் ஓரம் மொறுமொறுப்பாகும்.