கல்லில் இருந்த காரைக்கால்காரி

3 பிப்ரவரி 2025, திங்கள், இரவு

கம்போடியாவின் சியம் ரீப் வந்து சேர்ந்துவிட்டோம், அங்கோர் கோயில்கள் இருக்கிற ஊர். விமான நிலையம் ஊரைவிட்டு வெகு தள்ளி இருக்கிறது. வழி நெடுக அறுத்துக் காய்ந்த வயல், வரப்போரம் பனை. அம்மா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நம்ம திருநள்ளாறு ரோடு மாதிரியே இருக்குடி" என்றாள். கம்போடியாவின் தேசிய மரமே பனைதான் என்று சொன்னதும் அவளுக்கு ஏக சந்தோஷம்.

அம்மாவுக்கு எழுபது நிறைகிறது. எங்கே போகலாம் என்று கேட்டேன். காசி, கேதார்நாத் என்பாள் என்று நினைத்திருந்தேன். "பேயார் கம்போடியாவுல இருக்காளாமே, அவளப் பாக்கணும்" என்றாள். பேயார் என்றால் காரைக்கால் அம்மையார். அம்மா பிறந்தது காரைக்காலில். அவளுடைய பெரிய தாத்தா ஒருவர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போனவர். அந்தப் பக்கத்துக் கதையெல்லாம் வீட்டில் சின்ன வயதிலிருந்தே உண்டாம்.

உலகப் பாரம்பரியச் சின்னங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் அரை நாள் நின்றுவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது ஒத்துவராது. பெட்ராவும் மச்சு பிச்சுவும் இருக்கட்டும். இந்தத் தடவை அங்கோர் மட்டும்.

4 பிப்ரவரி, செவ்வாய்

மூன்று நாள் சீட்டு 62 டாலர், நம் முகத்தைப் படமெடுத்து அதிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது.

விடியும் முன்பே அங்கோர் வாட். அகழி மட்டும் 190 மீட்டர் அகலம். நடைபாதையில் பாதி வந்ததும் அம்மா நின்றுவிட்டாள், மூச்சு வாங்கியதால் அல்ல. இருட்டிலிருந்து கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்துகொண்டிருந்தன. "சூரியன் கோயிலுக்குப் பின்னால வருதே, அப்ப மேற்கு பாத்த சந்நிதியா?" ஆமாம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டிய கோயில், வாசல் மேற்கே. பின்னால் பௌத்தக் கோயிலாகி, இன்றுவரை வழிபாடு நிற்கவில்லை.

உச்சி மண்டபத்துப் படிகள் செங்குத்து. அம்மாவால் ஏற முடியாது என்று கீழேயே சுற்றினோம். அது நல்லதாகப் போயிற்று. கிழக்குச் சுற்றில் திருப்பாற்கடல் கடையும் காட்சி கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் ஆமைமேல் மந்தரமலை. நாங்கள் அசுரர் முனையில் தொடங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். எல்லாருடைய காலும் ஒரே தாளத்தில் ஊன்றியிருக்கிறது. வடம் பிடிக்கிறவர்களின் கால் அப்படித்தான் இருக்கும். கீழே மீனும் முதலையும். மலையை நெருங்க நெருங்க, சுழலில் சிக்கி அவை துண்டாகக் கிடக்கின்றன. கல்லில் நீரின் வேகத்தை இப்படிக் காட்டலாம் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே, அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

தேவர் பக்கக் கடைசியில், வாசுகியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வானரம்! "ஆஞ்சநேயர் இங்க எப்படி வந்தார்? அவர் பொறக்கவே இல்லையே அப்ப" என்று அம்மா. இந்த நாட்டுக் கெமர் மக்கள் கதையை வாங்கித் தங்கள் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். "வாலப் புடிக்க வேற யார் லாயக்கு" என்று அம்மாவே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

5 பிப்ரவரி, புதன்

காலையில் தா புரோம். 1186இல் ஏழாம் ஜயவர்மன் தன் தாய்க்காக எழுப்பியது. மரவேர்கள் கூரை வழியாக இறங்கிச் சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கிற அந்தக் கோயில்தான். படம் எடுக்க வரிசை. சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

அடுத்து பயோன் கோயில். அங்கே ஆளாளுக்குக் கோபுர முகங்களை அண்ணாந்து பார்க்க, அம்மாவுக்கு வெளிச்சுற்றுச் சுவர் பிடித்துப்போயிற்று. சண்டைக் காட்சிகளுக்கு இடையே சேவல்கட்டு, சந்தை, அடுப்படி, பிரசவம். அரசன் கட்டிய கோயிலில் மீன் விற்கிறவளுக்கும் இடம் இருக்கிறது.

இன்று நான் எழுத நினைத்தது பபுவோன் என்ற கோயிலைப் பற்றி. 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில், மலைபோல அடுக்கியது. உள்ளே நிரப்பிய மணல் இளகியதால் சரிந்துகொண்டே இருந்தது. 1960களில் பிரெஞ்சு அறிஞர்கள் முழுதும் பிரித்துக் கட்டத் தொடங்கி, சுமார் 3,00,000 கற்களைக் கழற்றிச் சுற்றியிருந்த காட்டில் பரப்பினார்கள். எந்தக் கல் எங்கே என்பதற்குக் குறிப்பேடு இருந்தது. உள்நாட்டுப் போர் வந்து வேலை நின்றது. போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் அந்தக் குறிப்புகள் எல்லாம் அழிந்தன. 1995இல் திரும்பி வந்தவர்களுக்கு முன்னால் கிடந்தவை பாசியேறிய கற்கள் மட்டுமே. சாந்து வைக்காமல் கட்டிய கோயில். ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்தில் மட்டும்தான் உட்காரும். பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, அளந்து, பொருத்தி, 2011இல் முடித்தார்கள்.

மேற்குப் பக்கம் போய்ச் சுவரோடு சுவராகப் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். முதலில் முகம் தெரியாது. நெற்றி எது மூக்கு எது என்று கண் பிடித்துக்கொண்டதும், அதன்பின் வேறொன்றும் தெரியாது. மரத்தடியில் இன்னும் இடம் சேராத கற்கள் கிடக்கின்றன. ஒன்றில் பாதித் தாமரை. அம்மா அதன்மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டு வந்தாள்.

1992இல் அங்கோரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதே ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலிலும் சேர்த்தார்கள். கண்ணிவெடி, சிலைத் திருட்டு, பராமரிக்க ஆளில்லாமை. 2004இல்தான் அதிலிருந்து எடுத்தார்கள்.

6 பிப்ரவரி, வியாழன்

பேயார் இருக்கிற பந்தேய் ஸ்ரேய் கோயிலுக்கு இன்று. அம்மா நான்கு மணிக்கே குளித்துவிட்டாள்.

வழியில் ஒரு கிராமத்தில் சாலையோரம் பெரிய இரும்புச் சட்டியில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை வந்ததுமே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். பனையோலையைச் சின்ன வளையமாகச் சுற்றி, பாகை அதில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். நம் கருப்பட்டியைவிட நிறம் வெளிர், வாயில் போட்டால் உடனே கரைகிறது. அடுப்படியில் இருந்த அம்மாளும் எங்கள் அம்மாவும் ஒரு வார்த்தை புரியாமல் கால் மணி நேரம் பேசினார்கள், பாகுப் பதம் பற்றித்தான். விரலில் தொட்டு இழுத்துக் காட்டியதிலிருந்து எனக்கே புரிந்தது.

கோயில் சின்னது. அங்கோர் வாட்டைப் பார்த்த கண்ணுக்கு விமானம் பொம்மைபோல இருக்கிறது. இளஞ்சிவப்பு மணற்கல், அதில் மரத்தில் செதுக்கியதுபோல ஆழமான வேலை. 967இல் குடமுழுக்கு. கட்டியவர் அரசர் அல்ல, கெமர் அரசர் இராஜேந்திரவர்மனின் சபையில் இருந்த யக்ஞவராகர். இராவணன் கயிலையை அசைக்கிறான், காமன் எரிகிறான், வாலியும் சுக்ரீவனும் மோதுகிறார்கள். அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள், ஆனால் தேடிக்கொண்டேதான் இருந்தாள்.

கிழக்குக் கோபுர வாயிலின் முகப்பில், மேலே, சிவன் ஆடுகிறார். பல கைகள். அவர் காலடியில், ஓரமாக, வற்றிய உடம்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தொங்கிய மார்பு, எடுப்பான எலும்பு. மற்ற பெண் சிலைகளெல்லாம் பூவும் நகையுமாக நிற்கும் கோயிலில் இவள் ஒருத்தி மட்டும் இப்படி. அழகை வேண்டாம் என்று கேட்டு வாங்கியவள், கயிலைக்குத் தலையால் நடந்தவள்.

"அவதான்" என்றாள் அம்மா. அப்புறம் பேசவில்லை. பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

சோழ அரசி செம்பியன் மாதேவி சோழநாட்டுக் கோயில்களில் ஆடவல்லானைச் சுவர் மாடங்களில் வைத்துக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். இராஜராஜன் பட்டத்துக்கு வர இன்னும் பதினெட்டு வருடம். காரைக்காலின் கதையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்தச் சிற்பியின் காதில் சொன்னவர் யாரோ, அவரை நான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1923இல் ஆந்திரே மால்ரோ என்ற இளைஞர் இங்கே வந்து தேவதைச் சிற்பங்களை அறுத்தெடுத்துப் போனார். பிடிபட்டார், சிற்பங்கள் திரும்பின. பின்னாளில் அவர் பிரான்சின் கலாசார அமைச்சர். இதே கோயிலின் முகப்பு ஒன்று, திலோத்தமைக்காக இரண்டு அசுரர் அடித்துக்கொள்ளும் காட்சி, இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடம் இதுதான். இங்கே வரவேண்டும்.

7 பிப்ரவரி, வெள்ளி

மாலை விமானம். அம்மா பெட்டி கட்டுகிறாள். காரைக்காலுக்குப் பேசினாள், சித்தி போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தூரமா வந்து உக்காந்திருக்கா!" என்றாள். சின்ன வயதில் மாங்கனித் திருவிழாவில் இருவரும் மாடியிலிருந்து மாம்பழம் எறிந்த கதை ஆரம்பித்தது, அரை மணிக்கு நிற்கவில்லை.

கருப்பட்டியை இரண்டு பொட்டலமாகக் கட்டியிருக்கிறாள். ஒன்று சித்திக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன்.

"அம்மையாருக்கு. ஆனி மாசம் போறப்ப சந்நிதியில வெச்சுட்டு வரணும். அங்கேருந்து வாங்கினதுன்னு சொல்லணும்."