ஆச்சிக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்

தீம் பார்க் போகிறோம், என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, பையை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான். பதில் பெரும்பாலும் "அம்மா இருக்காங்க", "ஆச்சி வாராங்க" என்று வரும். எங்கள் வீட்டிலும் முதல் தடவை அப்படித்தான் நடந்தது. பத்துப் பேர் போனோம், ஒன்பது பேர் விளையாடினோம். ஆச்சி காலையில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை ஏழு பைகளோடு அங்கேயே இருந்தாள். "நீங்க போயிட்டு வாங்கட்டி, நான் பையப் பாத்துக்கிடுதேன்" என்று அவளேதான் சொன்னாள், நாங்களும் சரி என்று ஓடிவிட்டோம். வீடு வந்த பிறகு போட்டோக்களைப் பார்த்தால் ஒன்றில்கூட ஆச்சி இல்லை. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இரண்டாவது தடவை கொச்சி வொண்டர்லாவுக்குக் கிளம்பியபோது, முதலில் ஆச்சியின் நாளைத் திட்டமிட்டுவிட்டு அதைச் சுற்றி மற்றதை வைத்தோம். 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்த பார்க் அது, நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன், நீங்கள் வேறு பார்க்குக்குப் போனாலும் பெரும்பாலும் பொருந்தும்.

எந்த ரைடு, எத்தனை ரைடு என்பதெல்லாம் அப்புறம். முதலில் எந்த நாள் என்பதை முடிவு செய்யுங்கள். கூட்டமான நாளில் ஒரு ரைடுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் சுற்றிவிட்டு இறங்குவீர்கள், அதே ரைடில் கூட்டமில்லாத நாளில் இறங்கின கையோடு மறுபடியும் ஏறலாம். குற்றாலத்தில் சீசன் ஞாயிற்றுக்கிழமை மெயினருவியில் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நமக்குப் பள்ளி லீவு விடுகிற எல்லா நாளும் கேரளாவில் லீவு கிடையாது. செப்டம்பர் கடைசியில் வருகிற காலாண்டு லீவில் சரஸ்வதி பூஜை, விஜயதசமி, காந்தி ஜெயந்தியை ஒட்டின நாட்களை மட்டும் விட்டுவிட்டு ஒரு செவ்வாயோ புதனோ போனால் அங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும், பார்க் நமக்குத்தான். அரையாண்டு லீவில் போகவே போகாதீர்கள். அது கிறிஸ்துமஸ் சமயம், அங்கேயும் லீவு, போதாததற்குச் சபரிமலை சீசன் வேறு. கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு முடிகிற வரை செங்கோட்டை, புனலூர் வழியில் ரயிலானாலும் ரோடானாலும் நெரிசல்தான். ஓண லீவும் ஏப்ரல், மே மாதங்களும் அப்படியே.

ஆனால் காலாண்டு லீவில் போகிறவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி கடைசி, ஐப்பசி என்றாலே கேரளாவில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வரும். மின்னல் வெட்டினால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். அதனால் ரோலர் கோஸ்டர், ராட்சத ராட்டினம் மாதிரி வெட்டவெளியில் இருப்பதை எல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர்ப் பகுதியும் பார்க் திறந்த உடனே திறப்பதில்லை, கொஞ்சம் தாமதமாகத்தான் திறப்பார்கள், ஆக இந்த வரிசை தானாகவே பொருந்தி வந்துவிடும்.

நாங்கள் போனது பாலருவி எக்ஸ்பிரஸில். ராத்திரி திருநெல்வேலியில் ஏறிப் படுத்தால் தென்காசி, செங்கோட்டை, கொல்லம், கோட்டயம் வழியாக ஒன்பது, ஒன்பதரை வாக்கில் எர்ணாகுளம் பக்கம் இறக்கிவிட்டுவிடும். எர்ணாகுளம் டவுன் வரை போகாமல் திருப்பூணித்துறையிலேயே இறங்கினோம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, மதினி கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டோம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி வாழை இலையில் சுருட்டியிருந்தார்கள், ராத்திரி முழுக்க ஊறி, பிட்டால் விரலில் எண்ணெய் வழிகிற பதத்தில் இருந்தது. ஆளுக்கு மூன்று, அதற்கு மேல் கூடாது என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் தலை சுற்றும், வெறும் வயிற்றோடு ஏறினாலும் தலை சுற்றும். பெரும்பாலான பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள், அதனால் காலைச் சாப்பாட்டை இப்படி வெளியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரு மணிக்குத்தான் போவார்கள். நீங்கள் பன்னிரண்டுக்கே சாப்பிடுங்கள், இல்லையென்றால் இரண்டரைக்கு. கூட்டம் சாப்பிடப் போயிருக்கும் அந்த நேரத்தில் வரிசைகள் பாதியாகிவிடும்.

அன்று ராத்திரியே ஊர் திரும்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். திரும்பி வருகிற பாலருவி சாயங்காலம் ஏழு மணி வாக்கிலேயே எர்ணாகுளத்துக்கு வந்துவிடும், அதைப் பிடிக்க வேண்டுமென்றால் பார்க்கிலிருந்து ஐந்து மணிக்கே ஓட வேண்டும். பிள்ளைகள் செயற்கையாக அலை விடுகிற அலைக் குளத்தைவிட்டு ஏற மறுப்பது சரியாக அந்த நேரத்தில்தான். ஒரு ராத்திரி ரூம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் நிதானமாக வாருங்கள்.

இனி பை விஷயம். உள்ளே போனதும் முதல் வேலையாக லாக்கர் எடுத்துவிடுங்கள். பத்துப் பேருக்கு இரண்டு லாக்கர் போதும், அந்தப் பணத்தை யோசிக்கவே யோசிக்காதீர்கள். அந்தச் சாவியைக் கையில் வாங்கின பிறகுதான் ஆச்சி எழுந்து நடந்தாள். அறுபது தாண்டியவர்களுக்கு டிக்கெட்டில் சலுகை உண்டு, ஆதாரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். பல ரைடுகளில் 120 செ.மீ., 140 செ.மீ. என்று வாசலில் கோடு போட்டிருப்பார்கள். அண்ணன் மகன் எட்டு வயது, முதல் தடவை போனபோது கோட்டுக்கு இரண்டு விரல் குறைவு. வரிசையில் அத்தனை நேரம் நின்று முன்னால் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெல்ட்டும் தோள் கம்பியும் அந்த உயரத்துக்குக் கீழே உடம்பைச் சரியாகப் பிடிக்காது, அதனால் அங்கே போய்க் கெஞ்சுவதில் அர்த்தமில்லை. இந்தத் தடவை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பீரோவின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு போட்டு, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று பேசி முடித்துவிட்டோம். அங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ரோலர் கோஸ்டரில் ஏறுகிற பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று: முன் சீட்டில் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் வயிறு தூக்கிப்போடுகிற அனுபவம் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டிக்குப் போங்கள். முன் பெட்டிகள் இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகுதான் கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும், அதனால் அதை வெடுக்கென்று இழுத்துப்போடும்.

தண்ணீருக்கு நைலான் துணிதான், பருத்தியை விட மாட்டார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனமாகிவிடும், நூல் பிரிந்து ஃபில்டரையும் அடைக்கும். உலோக ஜிப், பித்தான் எல்லாம் சறுக்கின் மேல் கீறல் போடும். அங்கேயே வாங்கலாம், ஆனால் ஊரிலிருந்தே கொண்டுபோனால் காசு மிச்சம், அளவும் சரியாக இருக்கும். ஆச்சிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மதினிதான் கருநீல நைலான் துணியில் முழுக்கை வைத்து, கணுக்கால் வரை பேன்ட்டோடு ஒரு சுடிதார் தைத்தார்கள். அறுபத்தெட்டு வயது வரை சேலையைத் தவிர வேறு எதுவும் கட்டாதவள். "எனக்கு என்னத்துக்குட்டி இதெல்லாம்" என்று இரண்டு நாள் மறுத்தாள். மூன்றாம் நாள் போட்டுப் பார்த்துவிட்டு, கை மட்டும் இன்னும் கொஞ்சம் லூஸாக வேண்டும் என்றாள்.

அலைக் குளம் கடற்கரை மாதிரிதான் தொடங்கும், ஓரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், உள்ளே போகப் போக ஆழம். அதனால் நீச்சல் தெரியாதவர்களும் ஓரத்தில் பயமில்லாமல் உட்காரலாம். அலையும் எப்போதும் ஓடாது, விட்டு விட்டுத்தான் விடுவார்கள். நானும் ஆச்சியும் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தோம். முதல் அலை அவள் முழங்கால் வரை ஏறிவிட்டுப் போனது, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது அலை மடி வரை வந்தது. மூன்றாவதுக்குக் கையை விட்டுவிட்டாள். "குத்தாலத்துல தண்ணி தலையில வந்து விழும், இது காலத் தேடியில்லா வருது" என்றாள். அப்புறம் ஒரு மணி நேரம் அவளை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை. விரல் நுனியெல்லாம் சுருங்கி வெள்ளையாகிவிட்டது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர்களைக் கூட்டிப்போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடுகிற இடம் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஈரத்தோடு யாரும் போனைக் கையில் வைத்திருக்கப் போவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோ லாக்கரில் இருக்கட்டும், தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் உடம்பு வற்றத்தான் செய்யும். மதிய வெயிலில் சிமெண்டுத் தரை காலைச் சுடும், ரப்பர் செருப்பு இல்லாமல் ஆச்சியை நடக்கவிடாதீர்கள். இருதய நோய், ரத்த அழுத்தம், முதுகு வலி இருப்பவர்கள் வேகமான ரைடுகள் பக்கம் போகவே வேண்டாம், வாசல் போர்டிலேயே எழுதியிருப்பார்கள்.

போன வாரம் பாளையங்கோட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் கருநீலச் சுடிதார் துவைத்து மடித்து, பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு மேலே இருந்தது. மகரவிளக்கு முடிந்து ரயிலில் கூட்டம் குறைந்ததும் ஒரு புதன்கிழமையாகப் பார்த்து டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை ராட்டினத்திலும் ஏற வேண்டுமாம், ஆனால் அது காலையிலேயே முடிந்துவிட வேண்டும், அலை விடுகிற நேரத்தில் தண்ணீரில் இருக்க வேண்டுமாம்.