சாமிக்கு 120 கேலன்

அமெரிக்காவின் வட கரோலினாவில் நாங்கள் குடியிருக்கும் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கணக்குப்படி, எங்கள் வீட்டுச் சாமி நாளொன்றுக்கு 120 கேலன், அதாவது சுமார் 454 லிட்டர், கழிவுநீரை வெளியேற்றக் கூடியவர். அபிஷேகத் தண்ணீர் முழுவதும் துளசித் தொட்டிக்குத்தான் போகிறது என்று மாமியார் எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை.

எல்லாம் அந்தக் கதவால் வந்தது. காரைக்குடியில் வாங்கிக் கப்பலில் ஏற்றிய, வரிசை வரிசையாக மணி தொங்கும் தேக்குக் கதவு. கதவு வந்து இறங்கிய பிறகுதான் அதை மாட்டுவதற்கு ஒரு பூஜை அறை வேண்டும் என்ற ஞானம் என் மனைவிக்கு உதித்தது. அறைக்காகக் கதவு வாங்குவதுதான் உலக வழக்கம். இவர்கள் வீட்டு வழக்கம் வேறு.

நகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் வாய்க்காது. எங்களைப் போல ஊருக்கு வெளியே, கிணற்றுத் தண்ணீரும் செப்டிக் டேங்குமாகக் குடித்தனம் நடத்துபவர்கள் வீட்டோடு ஓர் அறையைச் சேர்க்க நினைத்தால், கட்டட அனுமதிப் பிரிவு அசைந்து கொடுப்பதற்கு முன் சுகாதாரப் பிரிவு தலையாட்டியாக வேண்டும். அந்தப் பிரிவினருக்குக் கழிப்பறையைவிடப் படுக்கையறை மீதுதான் கண். ஒரு படுக்கையறைக்கு 120 கேலன் என்று பெருக்குவார்கள். எங்கள் டேங்க் மூன்று படுக்கையறைகளுக்கு, 360 கேலனுக்குப் போட்டது. சாத்தக்கூடிய கதவு, ஒரு ஜன்னல், பூஜைச் சாமான் வைக்கச் சுவரலமாரி என்று நான் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்ததும், இது நான்காவது படுக்கையறை என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

நேரில் பார்க்க வந்த பெண் அதிகாரி நல்லவர். வழிபாட்டுக்கான இடம், இங்கே கட்டில் போடப் போவதில்லை என்று நான் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கிட்டத்தட்ட இறங்கி வந்துவிட்ட நேரத்தில், கதவு எதற்கு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாயைத் திறக்க எனக்கு அவகாசமே கிடைக்கவில்லை. காப்பித் தட்டோடு வந்த மாமியார், அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, கண்ணையும் மூடிக் காட்டினார். இரவில் சாமியைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவோம் என்று அர்த்தம். பள்ளியறை என்ற ஒன்றை ஆகமமே ஒத்துக்கொள்ளும்போது கவுண்டியிடம் அதை மறைப்பானேன் என்பது அவருடைய நியாயம். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

படுக்கையறை என்று ஆகிவிட்டால் மற்ற மரியாதைகளும் தாமாகவே வந்து சேர்கின்றன. தீப்பிடித்தால் தூங்குகிறவர் தப்பிக்க வசதியாக, தரையிலிருந்து 44 அங்குல உயரத்துக்குள் திறக்கும் ஜன்னல் வேண்டும். பிள்ளையார் தம் தொந்தியோடு அதில் எப்படி இறங்குவார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அறைக்குள்ளேயே புகை எச்சரிக்கைக் கருவி வேண்டும். கற்பூரமும் சாம்பிராணியும் மணக்கிற இடத்தில் அது இருந்தால், தினமும் இரண்டு வேளை மேளதாளத்துக்குக் குறைவிருக்காது.

செப்டிக்கைப் பெரிதாக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க மண் நிபுணர் ஒருவர் வந்தார். துரப்பணத்தால் குடைந்து எடுத்த செம்மண்ணில் தண்ணீர் தெளித்து உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போல நீளமாக அழுத்தி வெளியே தள்ளினார். நாடா நீள நீள, களிமண் அதிகம், தண்ணீர் இறங்காது. எங்கள் தோட்டத்தில் குழிக்குக் குழி அது நீண்டுகொண்டே போனது. கடைசியில் நீளாமல் உதிர்ந்த ஒரே இடம், நான் கோழி எருவும் இலைச்சருகும் கொட்டிக் கத்தரிச்செடி வைத்திருந்த பாத்திக்குப் பக்கத்து நிலம். கழிவுநீரை மண்ணில் இறக்கும் குழாய் பதிப்பதானால் பாத்தியும் சேர்ந்து போகும். சாமி காரியம் என்று மனைவி சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமனார், தஞ்சை மாவட்டத்தில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவர், அன்றிரவு பேனாவைத் திறந்தார். "மாப்பிள்ளை, வாய்ப்பேச்சு கோப்பிலே ஏறாது. மனு கொடுப்போம்" என்றார். "பொருள்: பூஜை அறையைப் படுக்கையறையாகக் கருதியமை – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக. பார்வை: தங்கள் மின்னஞ்சல்" என்று தொடங்கிய அந்த மனுவை ஆங்கிலமாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இணைப்பாக ஒரு வரைபடமும் உண்டு. மறுநாள் காலையில் மனைவியை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே இருக்க வேண்டிய 100 அடி உட்பட ஒவ்வொன்றையும் அளந்து, வடக்கு அம்புக்குறி, அளவுகோல், மூலைவிட்டங்கள் எல்லாம் போட்டு, ஊரில் புலப்படம் வரைகிற அதே கறுப்பு மையில் அவர் வரைந்தது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக்கூடாது என்று உத்தரவு வேறு.

இன்று பதில் வந்துவிட்டது. கதவு இருக்கிற வரை அது படுக்கையறைதான். கதவை விட்டுவிட்டு, அலமாரியையும் எடுத்துவிட்டு, அகலமான திறந்த வாசலாக வைத்தால் 360 கேலனே போதும். அதன் கீழே அந்த அதிகாரி தனியாக நாலு வரி எழுதியிருந்தார். வரைபடம் மிகத் தெளிவாக இருந்ததாம். வரைந்தவர் சம்மதித்தால், விண்ணப்பிக்க வருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்ட ஒரு நகல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

மாமனார் அதை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, விதி என்றால் விதிதான், அந்தப் பெண் சட்டப்படிதான் நடந்திருக்கிறாள், கதவெல்லாம் ஒரு விஷயமா என்று கட்சி மாறிவிட்டார். இப்போது மன்னார்குடியில் இருக்கும் தம் பழைய சகாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். "ஸ்கெட்ச்சை அமெரிக்க சர்க்கார் கேட்டு வாங்கியிருக்கு" என்பது மாடி வரைக்கும் கேட்கிறது. மாமியார் திரைச்சீலை துணிக்கு அளவெடுக்கிறார். திரை கதவாகாது என்று மாமனார் தீர்ப்பே சொல்லிவிட்டார். கத்தரிப்பாத்தி பிழைத்தது. கதவுதான் கராஜில் படுத்திருக்கிறது, என் கார் வெயிலில் நிற்கிறது.