லபக்கின் ஐந்தாம் இலக்கம்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் கேட்டபோது, அதிபரின் பிரம்பு, ஆய்வுகூடத்து மணம், மைதானத்து வேப்பமரம் எல்லாவற்றையும் மூத்த அண்ணைமார் போன மலரிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்களே என்றேன். "அப்ப பிறகு படிச்ச இடத்தைப் பற்றி எழுதுங்கோ அண்ணை, அதுவும் படிப்புத்தானே" என்றார். சரி, ஆளே கேட்டுவிட்டார். நான் பழைய மாணவனாக இருக்கும் இன்னொரு இடம் மேற்கு டெக்சாஸில் லபக் என்ற ஊரில் இருக்கிற டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். அங்கே நான் இருந்த காலத்தில் மைக்கேல் கிராப்ட்ரீ என்ற ஒருவர் ஐந்தாம் இலக்கச் சட்டை போட்டு அமெரிக்கக் கால்பந்து ஆடினார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என் படிப்பைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் ஒரு பந்தி சொல்லிவிடுகிறேன்.

லபக் தட்டையான ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் பருத்தி வயல். அறுவடைக் காலத்தில் வீதியோரப் புல்லெல்லாம் பஞ்சு ஒட்டிக் கிடக்கும். டலசில் இருந்து காரில் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும், காற்று அடித்தால் மண் பறந்து வானமே செம்மண் நிறமாகிவிடும். 1970 மே 11 இரவு ஒரு சுழல்காற்றுச் சூறாவளி (டோர்னேடோ) அந்த நகரத்தை அடித்து 26 பேரைக் கொன்றது. அதன் சேதத்தை ஆராயப் போனதில்தான் அங்கே காற்றுப் பொறியியல் வளர்ந்தது. சூறாவளிகளின் பலத்தை மதிப்பிட அமெரிக்காவில் 2007 முதல் பாவிக்கிற திருத்திய புஜிட்டா அளவுகோலும் அங்கே உருவானதுதான். நான் போனதும் அந்தக் காற்றைப் படிக்கத்தான். கால்பந்து என்றால் காலால் உதைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த நான், கையால் எறிந்து கையால் பிடிக்கிற ஒரு விளையாட்டுக்காக ஊரே சனிக்கிழமைகளில் சிவப்பும் கறுப்பும் உடுத்துக்கொண்டு கிளம்புவதை முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

ஆட்டம் தொடங்கும் முன் முகமூடி போட்ட ஒருவர் கறுப்புக் குதிரையில் மைதானத்தைக் குறுக்கறுத்துப் பாய்ந்து போவார். முதல் உதை உதைக்கும்போது மாணவர்கள் கூட்டத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்த டோர்ட்டியா ரொட்டிகளை மைதானத்துக்குள் வீசுவார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். நம்மூர் பெரிய மட்ச்சில் பாண்ட் வாத்தியத்தோடு மதில் ஏறிக் குதித்தவர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பத்து யார் (கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர்) தூரம் முன்னேற நான்கு முயற்சி. குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ஓரத்தில் நிற்கிற வைட் ரிசீவர் ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும், பிடித்துக்கொண்டு எல்லைக்குள் போனால் டச்டவுன், ஆறு புள்ளி. இவ்வளவு போதும்.

அந்தக் காலத்து பயிற்சியாளர் மைக் லீச். கல்லூரி அணி எதிலும் கால்பந்து ஆடாதவர், சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர், நிருபர் ஒருவர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் கடற்கொள்ளையர் வரலாற்றுக்குத் தாவிவிடக்கூடிய ஆள். ஹால் மம்மி என்பவரோடு சேர்ந்து அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரியில் அவர் உருவாக்கிய ஆட்டமுறைக்கு 'ஏர் ரெய்ட்' என்று பெயர். மற்ற அணிகள் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி முட்டி மோதும்போது, இவர்கள் நாலு ரிசீவர்களை மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரப்பி நிறுத்தி எறிந்துகொண்டே இருப்பார்கள். இத்தனைக்கும் வைத்திருந்த ஆட்ட வகைகள் கொஞ்சம்தான். அவற்றையே நித்திரையிலும் ஆடுகிற அளவுக்குத் திரும்பத் திரும்பப் பழக்குவார். காற்று இவ்வளவு அடிக்கிற ஊரில் எறிந்தே பிழைக்கலாம் என்று நினைத்ததே ஒரு துணிச்சல் என்று எங்கள் ஆய்வுகூடத்தில் பகிடி பண்ணுவோம்.

கிராப்ட்ரீ டலசில் கார்ட்டர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அங்கே அவர் குவாட்டர்பேக், பிடிக்கிறவரல்ல, எறிகிறவர். கூடைப்பந்திலும் கெட்டிக்காரர். 2006-இல் லபக்குக்கு வந்து ஒரு வருடம் பயிற்சி மட்டும் எடுத்தார், ஆட்டங்களில் இறக்கவில்லை. அப்படி ஒரு வழக்கம் அங்கே உண்டு, அந்த வருடம் கணக்கில் சேராது. ஆகவே 2007-இல் இறங்கியபோது அவர் இன்னும் முதலாம் ஆண்டு ஆட்டக்காரர்தான். அந்த ஒரே பருவத்தில், 13 ஆட்டங்களில், 134 பந்துகள் பிடித்தார். 1,962 யார், 22 டச்டவுன். முதலாம் ஆண்டு ஆட்டக்காரர் ஒருவர் அதற்கு முன் தொடாத எண்கள். சராசரியாக ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பிடி, நூற்றைம்பது யார். ஒரு நல்ல ரிசீவருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கிற நாள் இவருக்கு வாராவாரம் வந்தது.

எண்களைப் பார்த்து எனக்கு அவரைப் பிடித்துப்போகவில்லை. நான் கவனித்தது வேறு. பந்து வரும்போது அவர் குதிக்கிற நேரம். பக்கத்தில் நிற்கிற தடுப்பாளன் முதலில் குதித்து, இறங்கத் தொடங்கும்போது இவர் மேலே போய்க்கொண்டிருப்பார். அப்புறம் பந்தை மார்பில் அணைக்க மாட்டார், கையை நீட்டி விரல் நுனியிலேயே பிடித்துவிடுவார். வேகமான ஆளும் இல்லை, அவரைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள் எங்கள் அணியிலேயே இருந்தார்கள். கூடைப்பந்தில் துள்ளும் பந்தை யார் எங்கே வைத்து எடுப்பது என்று கணக்குப் போட்டுப் பழகிய உடம்பு அது என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் பிலெட்னிகோஃப் விருது, அதாவது கல்லூரிகளில் மிகச் சிறந்த ரிசீவருக்கு 1994 முதல் கொடுக்கிற விருது, அவருக்குக் கிடைத்தது. ராண்டி மோஸ், லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், கால்வின் ஜோன்சன் எல்லாம் வாங்கிய விருது. முதலாம் ஆண்டு ஆட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை.

உடனே ஒரு முணுமுணுப்பும் கிளம்பியது. "அது லீச்சின் ஆட்டமுறை. யாரை நிறுத்தினாலும் நூறு பந்து பிடிப்பான்." தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள், ஆஸ்டினில் படிக்கிற தமிழ்ப் பெடியங்கள், எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். அவ்வளவு தடவை எறிகிற அணியில் எண்கள் ஊதிப்போகும், அது கணக்கு. ஆனால் லீச் 2000 முதல் அதே ஆட்டத்தைத்தான் ஆடினார். வெஸ் வெல்கர் போல, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரிய பெயர் எடுத்தவர்களும் அவரிடம் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் பிலெட்னிகோஃப் கிடைக்கவில்லையே. அதே பந்து, அதே முறை, எண்கள் மட்டும் வேறாக வந்தால் ஆளில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

2008-இல் எல்லா அணிகளும் இவர் மேல் இரண்டு பேரைப் போட்டார்கள். பிடிகள் 97 ஆகவும் யார்கள் 1,165 ஆகவும் குறைந்தன. டச்டவுன் மட்டும் 19. இரண்டாவது பிலெட்னிகோஃப் விருதும் அவருக்குத்தான். அதை இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர். இவருக்காக இரண்டு பேர் ஒதுங்கினதில் மற்றவர்களுக்கு வழி திறந்தது, அணி வென்றுகொண்டே போனது. எனக்கு முதல் வருடத்தைவிட இந்த இரண்டாவது வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. இதை என்னோடு படித்தவர்கள் பாதிப்பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பருவத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது, சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் அணியில் உதைக்கிறவர் சரியில்லை. செப்டம்பரில் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் மாணவர்களுக்கு ஒரு போட்டி: 30 யாரில் இருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு வருட வீட்டு வாடகை இலவசம். மட் வில்லியம்ஸ் என்ற மாணவர் வந்து நேராக உதைத்துவிட்டுப் போனார். லீச் அதைக் கண்டு அவரையே அணியில் சேர்த்துக்கொண்டார். சில வாரங்களில் அந்தப் பெடியன், நாட்டின் முதலாம் இட அணிக்கு எதிராக, எங்கள் அணிக்காக உதைத்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆட்டம் 2008 நவம்பர் 1. டெக்சாஸ் பல்கலைக்கழகம், அதாவது ஆஸ்டின்காரர், தரவரிசையில் முதலிடம். இரண்டு அணிகளுமே அதுவரை எட்டுக்கு எட்டு வென்றிருந்தன. நல்ல இடம் பிடிப்பதற்காக மாணவர்கள் பல நாட்களுக்கு முன்பே மைதானத்துக்கு வெளியே கூடாரம் அடித்துப் படுத்தார்கள், அந்தக் கூடார ஊருக்கு ரெய்டர்வில் என்று பெயர். ஆய்வுகூடத்துத் தோழர் ஒருவர் கூடாரத்துக்குள் இருந்து பரீட்சை விடைத்தாள் திருத்தியதை நான் கண்ணால் கண்டேன்.

பாதி ஆட்டம் முடிய 22-க்கு 6, நாங்கள் முன்னால். எல்லாரும் இதோ முடிந்தது என்று நினைத்தோம். ஆஸ்டின்காரர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்து, 1 நிமிடம் 29 விநாடி மிச்சம் இருக்கும்போது 33-க்கு 32 என்று முந்திவிட்டார்கள். ஐம்பத்தாறாயிரம் பேருக்கு மேல் இருந்த இடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. பிறகு கிரஹாம் ஹாரல், எங்கள் குவாட்டர்பேக், ஒன்று ஒன்றாக எறிந்து பந்தை 28 யார்க் கோட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கடைசி விநாடிகளில் அவர் எறிந்த ஒரு பந்து எங்கள் ஆளின் கையில் பட்டுத் தெறித்து நேரே ஆஸ்டினின் பிளேக் கிடியன் கைக்குப் போனது. பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். நழுவவிட்டார். பாவம், அவரும் முதலாம் ஆண்டுப் பெடியன்தான்.

எட்டு விநாடி மிச்சம். ஒரு புள்ளிதான் பின்னால், கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கிற ஒரு களக் கோல் போதும் வெற்றிக்கு. ஆனால் 45 யார் உதை. செப்டம்பரில் வாடகைப் போட்டியில் உதைத்த ஆளிடம் அதைக் கொடுப்பதா? லீச் எறியச் சொன்னார். ரிசீவர்கள் நேராக ஓடுகிற ஆட்டம், அவர்கள் தினமும் ஆடிப் பழகியது. இரண்டு பேர் காவல் நிற்கிற கிராப்ட்ரீக்குத்தான் ஹாரல் எறிந்தார், அதுவும் அவர் முதுகுப் பக்கம், ஓரக்கோட்டை ஒட்டி. கிராப்ட்ரீ உடம்பைத் திருப்பிப் பிடித்தார். எல்லை இன்னும் சில யார் தூரம். முறையில் எழுதியிருந்தது அவ்வளவுதான். கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் மணிக்கூடு நிற்கும், பிறகு கிட்ட இருந்து உதைக்கலாம். அவர் கால் வெளியே போகவில்லை. கர்ட்டிஸ் பிரவுன் என்ற தடுப்பாளன் பிடித்து இழுக்க, அவர் தோளை உலுக்கிக் கழற்றிவிட்டு உள்பக்கம் திரும்பினார், ஓடிவந்த இன்னொருவர் வேகத்தில் தாண்டிப் போய்விட்டார், இவர் நடந்துபோவது போல எல்லைக்குள் போனார். மணிக்கூட்டில் ஒரு விநாடி.

நாங்கள் எல்லாரும் உள்ளே இறங்கிவிட்டோம். ஆட்டம் முடியவில்லை, இறங்காதீர்கள் என்று ஒலிபெருக்கி கத்துகிறது, யார் கேட்டார்கள்? அதற்குத் தண்டம் விழுந்து, ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதையை வெகு பின்னால் இருந்து உதைக்க வேண்டி வந்தது. 39-க்கு 33. டச்டவுனுக்குப் பிறகு உதைத்து எடுக்கிற அந்தக் கடைசி ஒரு புள்ளியை உதைத்ததும் வாடகைப் பெடியன்தான். அன்று கிராப்ட்ரீக்குப் பத்துப் பிடி, 127 யார்.

இதன் பிறகு கதை அவ்வளவு இனிப்பு இல்லை. பத்துக்குப் பத்து வென்று இரண்டாம் இடத்துக்கு ஏறினோம். நவம்பர் 22 ஒக்லஹோமாவுக்குப் போய் 65-க்கு 21 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம். புத்தாண்டுக்கு மறுநாள் காட்டன் பவுல் ஆட்டத்தில் மிசிசிப்பியிடமும் தோல்வி. கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் விருது வாக்கில் ஹாரல் நான்காம் இடம், கிராப்ட்ரீ ஐந்தாம் இடம். ஒரே அணியில் எறிகிறவரும் பிடிக்கிறவரும் நின்றால் வாக்குப் பிரியாமல் என்ன செய்யும்?

இரண்டே பருவம் ஆடிவிட்டு அவர் போய்விட்டார். மொத்தம் 231 பிடி, 3,127 யார், 41 டச்டவுன். 2009-இல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தபோது சான் பிரான்சிஸ்கோ அணி அவரைப் பத்தாவது தேர்வாக எடுத்தது. சம்பளப் பேச்சில் இழுபட்டு ஒக்டோபர் மட்டும் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை. தொழில்முறை வாழ்க்கை நன்றாகத்தான் போனது, ஆனால் லபக்கில் பார்த்த அளவுக்கு இல்லை. 2013 சூப்பர் பவுலின், அதாவது தொழில்முறை அணிகளின் இறுதி ஆட்டத்தின், கடைசி நிமிடங்களில் பந்து அவருக்கே எறியப்பட்டும் கிடைக்கவில்லை. அன்று ரொறன்ரோவில் என் வீட்டில் ஆட்டம் பார்க்க வந்திருந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று விளங்கவில்லை.

2022-இல் கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள், விழா டிசம்பரில். அதே டிசம்பர் 12-ஆம் திகதி மைக் லீச் 61 வயதில் காலமானார்.

என் வேலைத்தலத்தில் அலபாமாவில் படித்த ஒருவர் இருக்கிறார். 2020-இல் ஹைஸ்மன் வென்ற டெவோன்டா ஸ்மித்தான் அவருக்கு எல்லாம். அந்த வருடம் ஸ்மித் எடுத்தது 1,856 யார், எங்கள் ஆள் முதல் வருடத்திலேயே அதைத் தாண்டினார் என்று சொன்னால், "உங்கள் பிக் 12 அணிகளில் தடுக்கத் தெரிந்தவன் யார் இருந்தான்?" என்கிறார். பிக் 12 என்பது நாங்களும் ஆஸ்டின்காரரும் ஆடிய கூட்டு. நான் நவம்பர் 1 காணொளியை அனுப்பிவிடுவேன். அந்தக் கடைசிப் பிடியில் தாண்டிப் போகிற ஆஸ்டின் தடுப்பாளர் ஏர்ல் தாமஸ். ஐந்து வருடம் கழித்து சியாட்டில் அணியோடு சூப்பர் பவுல் வென்றவர்.