தங்கம் இருக்கட்டும், வெள்ளிக்கிழமையைப் பேசுவோம்

ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி. ரங்கராஜன் என்றாலே பேச்சு 1991 ஜூலையில் விமானம் ஏறிய தங்கத்துக்குப் போய்விடுகிறது. 46.91 டன்னை இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும் ஈடு காட்டி, 40.5 கோடி டாலர் வாங்கினார்கள். சில மாதங்களில் அந்தக் கடன் அடைந்தது. மூச்சு விட நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். நோய் வேறு இடத்தில் இருந்தது: அரசின் கையிருப்பு குறைந்த வெள்ளிக்கிழமைகளில் தானாக அச்சான பணத்தில்.

1932-ல் அரியலூரில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அகமதாபாத் ஐஐஎம்மில் பேராசிரியர் பணி, 1982-ல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர். ஐஏஎஸ் வழியாக வராமல் வகுப்பறையிலிருந்து வந்தவர் என்பது அவர் எழுதிய அறிக்கைகளிலேயே தெரியும்.

தங்கம் கிளம்பிய அதே வாரத்தில்தான் ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள். ஜூலை 1, ஜூலை 3 என இரண்டு தவணை. டாலர் சுமார் 21 ரூபாயிலிருந்து 26-ஐ நெருங்கியது. முதல் வெட்டு ஆழம் பார்க்க. ஆனால் அடுத்த வெட்டு வரப்போகிறது என்ற வாசனை பட்டுவிட்டால், ஏற்றுமதியாளர் டாலரை உள்ளே கொண்டுவராமல் வெளியிலேயே நிறுத்திவைப்பார். இறக்குமதியாளர் முண்டியடித்து வாங்குவார். அதனால்தான் இடைவெளி இரண்டே நாள். இரண்டாவதை நிறுத்தச் சொல்லி நிதியமைச்சர் மன்மோகன் சிங் போன் செய்தபோது, ரங்கராஜன் அதை அறிவித்து முடித்திருந்தார்.

1992 மார்ச்சில் வந்தது 'லெர்ம்ஸ்', அதாவது டாலருக்கு அரசு விலை, சந்தை விலை என இரட்டை விகிதம். ஏற்றுமதியாளர் கொண்டுவரும் டாலரில் 40 சதவீதத்தை அரசு விலைக்குக் கொடுக்க வேண்டும். மீதி 60-ஐச் சந்தை விலைக்கு விற்கலாம். அரசு விலை 25.89, சந்தை விலை 31 என்றால் கைக்கு வருவது சராசரியாக 28.96. டாலருக்கு 2 ரூபாய்க்கு மேல் நஷ்டம். பெயர் சொல்லாத வரி இது! அந்த மலிவு டாலர் கச்சா எண்ணெய்க்கும் உரத்துக்கும் போனது. நியாயமான காரணம்தான், ஆனால் இடைவெளி கூடினால் பணம் ஹவாலா பக்கம் நழுவும். 1992 டிசம்பரில் ஆளுநரான ரங்கராஜன், 1993 மார்ச்சிலேயே இரண்டையும் ஒன்றாக்கினார். ரூபாய் 31.37-ஐ ஒட்டி இரண்டு வருடத்துக்கு மேல் நின்றது. 1994 ஆகஸ்டில் வணிகம், பயணம் போன்ற நடப்புக் கணக்குச் செலவுகளுக்கு டாலர் மாற்ற இருந்த கட்டுப்பாடுகளும் போயின.

சிக்கல் தலைகீழானது இங்கேதான். வெளிநாட்டு முதலீடு கொட்டியது. ரூபாய் ஏறாமலிருக்க ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியது. வாங்கிய ஒவ்வொரு டாலருக்கும் புது ரூபாய் வெளியே போனது. அதை உறிஞ்ச, வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கான ரொக்கக் கையிருப்பு விகிதத்தை 14-லிருந்து 15 சதவீதமாக்கினார்கள். ஆனால் ஒரு குழாயை அடைத்தால் போதாது. இன்னொன்று 1955-லிருந்தே திறந்து கிடந்தது.

அதுதான் 'அட்ஹாக்' கருவூல உண்டியல், அதாவது அரசு ரிசர்வ் வங்கிக்கு எழுதிக்கொடுக்கும் குறுகிய காலக் கடன் பத்திரம். வெள்ளிக்கிழமை கணக்கு முடிக்கையில் மத்திய அரசின் இருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே போனால், 91 நாள் உண்டியல் ஒன்று தானாக உருவாகும். ரிசர்வ் வங்கி அதை வாங்கிக்கொண்டு பணம் தரும். யாரும் கையெழுத்துக்கு அலைய வேண்டாம், நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டாம். தற்காலிகம் என்று தொடங்கியது, முதிர்ந்ததும் புதுப்பிப்பதே வழக்கமாகிப் போனது. 1974-லிருந்து வட்டி 4.6 சதவீதம், சந்தை வட்டி எங்கே போனாலும் இது அசையவில்லை. பற்றாக்குறையின் அளவுக்குப் பணம் அச்சாகும்போது, மாற்று விகிதத்தை எந்த ஆளுநரால் காப்பாற்ற முடியும்?

1994 செப்டம்பரில் அரசோடு ஒப்பந்தம் போட்டார். அந்த நிதியாண்டின் முடிவில் அட்ஹாக் உண்டியல்களின் நிகர அதிகரிப்பு 6,000 கோடிக்கு மேல் போகக்கூடாது. இடையில் 9,000 கோடியைத் தாண்டி பத்து வேலைநாளுக்கு மேல் தொடர்ந்து நின்றால், ரிசர்வ் வங்கி உண்டியல்களைச் சந்தையில் ஏலம் விடும். ஒரே நாளில் மூடாமல் மூன்று வருடம் எடுத்துக்கொண்டது சரியான முடிவு. கடன் பத்திரச் சந்தையே அப்போது நடை பழகிக்கொண்டிருந்தது.

1997 ஏப்ரல் 1 முதல் அட்ஹாக் கிடையாது. அதற்குப் பதில் ரிசர்வ் வங்கி அரசுக்குத் தரும் கைமாற்று வந்தது; அதற்கு 1997-98-ன் முதல் அரையாண்டில் 12,000 கோடி, அடுத்ததில் 8,000 கோடி உச்சவரம்பு. முக்கால் பங்கு தீர்ந்தால் சந்தையில் கடன் திரட்டியாக வேண்டும். நிலுவையில் கிடந்த பழைய உண்டியல்கள் மட்டும், அதே 4.6 சதவீதத்தில், முதிர்வுத் தேதியே இல்லாத சிறப்புப் பத்திரங்களாக மாறின.