மேல்முறையீட்டிலும் பாதை எங்களுக்கே

முன்சீப் கோர்ட்டில் அப்பா ஜெயித்ததும், எதிர்த்தரப்பு 30 நாள் கெடுவுக்குள் மேல்முறையீட்டுக்கு, அடுத்த படியான சார்பு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை பற்றிய வழக்கு. மேல்முறையீடு போட்டதாலேயே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடாது. அதற்குத் தனியாகத் தடை உத்தரவு வாங்க வேண்டும். அதையும் வாங்கினார்கள். பாதையை மறித்த வேலி அப்படியே கிடந்தது.

முதல் மேல்முறையீட்டில் சாட்சியத்தையும் மறுபடி எடைபோடுவார்கள். புதிதாகச் சாட்சி விசாரிப்பது அபூர்வம். கீழே பதிவானதை வைத்தே வாதம் நடக்கும். அதனால் வாய்தாக்கள் நெடுக எனக்குக் கலக்கம்தான். கடைசியில், ‘மேல்முறையீடு செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்யப்படுகிறது, கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பும் தீர்ப்பாணையும் உறுதி செய்யப்படுகின்றன’ என்று வந்தது. தீர்ப்பாணை என்பது தீர்ப்பின் முடிவை மட்டும் சொல்லும் முறையான ஆணை.

நகல் கைக்கு வந்ததும் முழுக்கப் படித்தேன். நீங்களும் படியுங்கள், கடைசிப் பத்தியோடு நிறுத்தாதீர்கள். கீழ்க்கோர்ட் பெரிதும் நம்பியது, இடத்தை நேரில் பார்த்துவர கோர்ட் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையரின் அறிக்கையை. மேல்முறையீட்டு நீதிபதி அதை ஏற்கவில்லை: இடம் இன்று எப்படி இருக்கிறது என்பதை அறிக்கை காட்டும், உரிமையை அது மட்டுமே நிரூபிக்காது என்றார். பிறகு எங்கள் கிரையப் பத்திரத்தை எடுத்தார். நான்கெல்லையில் ‘வடக்கே வண்டிப்பாதை’ என்று இருந்த ஒற்றை வரிதான் எங்களைக் காப்பாற்றியது. முடிவு அதேதான், காரணம் வேறு. தீர்ப்பு உறுதியாவதால் கீழ்க்கோர்ட் சொன்ன ஒவ்வொரு காரணமும் உறுதியானதாக ஆகாது.

இன்னொன்றையும் வக்கீல் விளக்கினார். இனி கீழ்க்கோர்ட் தீர்ப்பாணை தனியாக நிற்காது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாணையோடு கலந்துவிடும். தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போடுவது மேல்முறையீட்டுத் தீர்ப்பாணையை வைத்துத்தான். மேல்முறையீடு இருக்கும்வரை என்று கொடுத்திருந்த தடையும் தள்ளுபடியோடு போயிற்று.

எதிர்த்தரப்புக்கு மிச்சமிருந்த வழி, உயர் நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி இரண்டாம் மேல்முறையீடு. அங்கே முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தாக வேண்டும். பாதை இருந்ததா இல்லையா என்பதில் இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்த பிறகு அதை அசைப்பது மிகக் கடினம். அந்தத் தெம்பில்தான் அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனாலும் எங்களைக் கேட்காமல் தடை கொடுத்துவிடக் கூடாதே என்று உயர் நீதிமன்றத்தில் கேவியட் என்ற முன்னெச்சரிக்கை மனு போட்டோம். அதன் ஆயுள் 90 நாள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கும் கெடு 90 நாள்தான், ஆனால் நகல் வாங்க ஆகும் நாட்கள் அதில் சேராது. எனவே முதல் கேவியட் காலாவதியானதும் இன்னொன்று போட்டோம்.