ஈறு சிகிச்சைக்குப் பின் குறைந்த சர்க்கரை

திருமங்கலத்தில் வசிக்கும் நான் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்து வருகிறேன். கண்ணும் பாதமும் ஆண்டுதோறும் தவறாமல் பரிசோதிக்கப்பட்டன. வாயைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டியும், இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.6 சதவீதத்தை விட்டு இறங்கவில்லை. பல் துலக்கும்போது இரத்தம் கசிந்ததாலும், கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியதாலும் மதுரை அண்ணா நகரில் உள்ள ஈறு சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் சென்றேன்.

அவர் முதலில் கேட்டது கடைசி எச்பிஏ1சி அறிக்கையைத்தான். பிறகு, மில்லிமீட்டர் கோடுகள் உள்ள மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்குள் இறக்கி ஆழத்தை அளந்தார். 3 மி.மீ. வரை இயல்பு, எனக்குப் பல இடங்களில் 5, 6 என்றும், ஆடும் பல்லருகே 7 என்றும் வந்தது. அங்கே எலும்பு கரைந்திருப்பதை எக்ஸ்ரேயும் காட்டியது.

இதன் காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் அது புரதங்களோடு ஒட்டி உருவாக்கும் சேர்மங்கள் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவதால், பல்லிடுக்கில் உள்ள கிருமிகளுக்கு எதிரான அழற்சி அளவு கடந்து, ஈறையும் எலும்பையும் சேர்த்தே அரிக்கிறது. அதே அழற்சி திரும்பவும் சர்க்கரையை ஏற்றுகிறது: ஈறுகளில் சுரக்கும் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குக் கட்டுப்படுவதைக் குறைக்கின்றன. எல்லாப் பற்களைச் சுற்றியுள்ள புண்ணையும் ஒன்றாக விரித்தால் பல சதுர சென்டிமீட்டர் வரும் என்றார். கையிலோ காலிலோ அவ்வளவு பெரிய புண் இருந்தால் சர்க்கரை நோயாளி எவரும் அதைக் கவனிக்காமல் விடமாட்டார்.

சிகிச்சையைக் காலை நேரத்திலேயே வைத்தார்கள். வெறும் வயிற்றில் வந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும் என்பதால், வழக்கம்போல் இட்லி சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டே வரச் சொன்னார்கள். ஒரு முறைக்கு வாயின் ஒரு பகுதி மட்டும். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் படிந்திருந்த காறையை எடுத்து, வேரின் மேற்பரப்பை வழவழப்பாக்கினார். வீட்டில் அத்தை, “சுரண்டுனா பல்லெல்லாம் ஆடிப்போகும்ப்பா” என்று தடுத்தார். எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில், எலும்பு கரைந்த பல்லைக் காறைதான் அசையாமல் பிடித்திருக்கிறது. அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்கியதால் பல்லிடுக்குகள் அகலமாகத் தெரிந்தன. குளிர்ந்த நீர் சில வாரங்கள் கூசியது. உப்பு நீரில் கொப்பளித்தது இதமாக இருந்தது, ஆனால் இடுக்குகளைச் சுத்தமாக வைத்திருப்பது சிறு பிரஷ்தான்.

மூன்று மாதம் கழிந்தபின் எச்பிஏ1சி 8.1 ஆக இருந்தது. இந்தச் சோதனை அளப்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை; அவை சுமார் 120 நாள் வாழ்வதால், மூன்று மாதத்துக்கு முன் பார்த்தால் முழு மாற்றமும் தெரியாது. இடையில் மாத்திரையையோ உணவையோ நான் மாற்றவில்லை. ஒருவரின் முடிவை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் ஈறு சிகிச்சைக்குப் பின் 3 முதல் 4 மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததைக் காட்டுகிறது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவில் உள்ள முதியவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருபவர்கள் “ஈறுகளில் இரத்தம் வருகிறதா?” என்றும் கேட்டால் எத்தனையோ பேருக்குப் பல் தப்பும் என்று நான் மனதார நம்புகிறேன்.

என் சர்க்கரை மருத்துவரின் கோப்பில் இப்போது ஈறு ஆழ அளவுத் தாளும் இருக்கிறது. பெரும்பாலான இடங்கள் 3, 4-க்கு வந்துவிட்டன. ஆடும் பல்லருகே இன்னும் 5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து பார்த்து, அங்கு ஆழம் கூடினால் ஈறைத் திறந்து அறுவை சிகிச்சை செய்வதா என்று முடிவெடுக்க இருக்கிறார்கள். அதற்கு முன் எச்பிஏ1சி 8-க்குக் கீழே வர வேண்டும் என்று பல் மருத்துவர் கேட்டிருக்கிறார்.